தொண்டர் ஒருவர் நம் ஊரில் குடியிருக்க வந்தால்

அம்பாறைக் கரையோரக் கமக்காரக் குடும்பங்களுக்குத் தொண்டர்கள் புதியவர்கள் அல்லர். 1990ஆம் ஆண்டு வன்செயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஊர் விட்டு ஊர் ஓடி, பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சம் புகுந்த நாள்களிலேயே அவர்களைக் கண்டோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலே மிகக் கூடிய உயிரிழப்பு இங்கேதான். அதன்பின் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று பொத்துவில் வரை தொண்டர்களின் வாகனங்கள் வரிசையாக வந்தன.

வந்தவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பினர். பட்டியல் எழுதினர், பொருள் கொடுத்தனர், படம் எடுத்தனர். அவர்கள் கொடுத்தது அந்நேரத்துக்குத் தேவையாய் இருந்தது. அதை நாம் மறக்கலாகாது. ஆனால் மிகச் சிலர் வேறு விதமாக வந்தனர். ஒரு பெட்டியோடு வந்து, ஊருக்குள் ஓர் அறை எடுத்து, நம் கிணற்றில் குளித்து, நம்மோடு ஆண்டுக்கணக்கில் இருந்தனர். இக்கட்டுரை இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியது. இப்படி ஒருவர் வரும்போது அவர் எப்படி ஊரோடு சேர்கிறார்? நாம் அவரை எப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்? அவர் போனபின் நம் கையில் என்ன மிஞ்ச வேண்டும்? இவற்றை அறிந்து வைத்திருத்தல், காணியையும் வாய்க்காலையும் இழந்து மீண்டும் தொடங்க வேண்டியுள்ள குடும்பங்களுக்கு மிகவும் அவசியம்.

தொண்டர் என்பவர் யார்?

தொலைவான கிராமத்தில் போய்த் தங்கிப் பணி செய்யும் வழக்கம் உலகில் பரவலானது 1950களின் இறுதியில்தான். பிரித்தானியாவின் கடல்கடந்த தொண்டர் சேவை 1958இல் தொடங்கியது. அமெரிக்காவின் சமாதானப் படை 1961 மார்ச்சில் உருவானது. அதன் முதல் தொண்டர்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆபிரிக்க நாடான கானாவுக்குப் பாடசாலை ஆசிரியர்களாய்ச் சென்றனர். விமானத்தால் இறங்கியதும் அந்நாட்டுத் தேசிய கீதத்தை அந்நாட்டு மொழிகளில் ஒன்றான துவி மொழியில் பாடினார்களாம். வந்த இடத்தின் மொழியைக் கற்றுக்கொண்டு வருவதே வணக்கம் சொல்லும் முறை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1962இல் அவ்வமைப்பு அன்றைய இலங்கைக்கும் ஆள் அனுப்பியது. ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம் 1971இல் பணி தொடங்கியது.

நம் நாட்டிலே இது வெளியிலிருந்து வந்த பழக்கம் மட்டும் அன்று. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரையும் சக ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குப் போனார். ஏனையோர் தீண்டத் தகாதவர் என ஒதுக்கி வைத்திருந்த மக்களின் ஊர் அது. மாணவர் அம்மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, மண் வெட்டினர். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. சிரமதானம் என்ற சொல் இன்று நம் ஒவ்வொரு ஊரிலும் வழங்குகிறது.

இவ்வாறு போகிறவர்களைக் கண்டித்தவர்களும் உண்டு. 1968 ஏப்ரலில் மெக்சிக்கோ நாட்டுக்கு வந்த அமெரிக்க மாணவத் தொண்டர் மத்தியில், கத்தோலிக்க குருவாயிருந்த இவான் இலிச் பேசினார். ஏழைகளுக்கு உதவி செய்ய என்று வராதீர்கள், பார்க்கவும் கற்கவும் விரும்பினால் வாருங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். மொழி தெரியாமல், தம்மைக் கேள்வி கேட்க முடியாத மக்கள் நடுவில் போய் நல்லது செய்வதாக எண்ணுவது அகங்காரம் என்றார் அவர். கடுமையான சொல்தான். ஆயினும் அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தொண்டரைக் கேள்வி கேட்கக்கூடிய நிலையில் ஊர் இருக்குமானால், அந்த ஆபத்து பெரிதும் குறையும்.

முதல் மாதங்கள் படிப்பதற்கே

ஆபிரிக்கக் கிராமங்களுக்குச் செல்லும் தொண்டர்களுக்குப் பல இடங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் மூன்று மாதம் எந்தத் திட்டமும் தொடங்கலாகாது. ஒரு குடும்பத்தோடு இருந்து மொழியைப் படிக்க வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சந்தை எந்த நாள், யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுகிறார் என்று பார்க்க வேண்டும். உதவிக்குக் காத்திருக்கும் மக்களுக்கு இது வீண் நாள்களாகத் தோன்றலாம். உண்மையில் விதைக்கு முன் உழுவது போன்றதே இது.

கல்முனைப் பகுதிக்கு வரும் ஒருவர் அந்த மாதங்களில் எதைப் படிக்க வேண்டும்? சிலவற்றைச் சொல்லலாம்.

முதலாவது, உறவுமுறை. இங்கே பெயர் சொல்லி அழைப்பதைவிட முறை சொல்லி அழைப்பதே மரியாதை. முஸ்லிம் வீட்டில் மூத்தவர் காக்கா, மூத்த பெண் ராத்தா அல்லது தாத்தா. தமிழ் வீட்டில் அண்ணன், அக்கா. வெளியூரிலிருந்து வரும் தமிழர் ஒருவர், 'தாத்தா' என்று அழைக்கப்படுபவர் இளம்பெண்ணாயிருப்பதைக் கண்டு திகைப்பார். சில வாரம் சென்றால் தாமும் அவ்வாறே அழைப்பார்.

இரண்டாவது, நாளும் பொழுதும். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஊர்களில் கூட்டம் வைக்க முடியாது. நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் நின்று உண்பது தகாது. மாலையில் அயல்வீட்டார் அனுப்பும் நோன்புக் கஞ்சியை ஏற்றுக்கொள்வது தகும். காரைதீவில் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேற்றமும் உண்டு. அந்நாள்களில் அழைக்கப்படும் இடத்துக்குப் போய், காட்டும் இடத்தில் இருப்பவரே ஊரோடு சேர்கிறார்.

மூன்றாவது, யாரோடு யார் பேசலாம் என்பது. ஆண் தொண்டர் ஒருவர், வீட்டில் ஆண்கள் இல்லாத வேளையில் படலையைத் திறந்து உள்ளே போகலாகாது. பெண் தொண்டருக்கோ குசினி வரை வழி திறந்திருக்கும். கடன் எவ்வளவு, நகை எங்கே அடகில் இருக்கிறது என்பவற்றை அறிந்தவர்கள் பெண்களே. ஆகையால் ஆண்கள் மாத்திரம் வரும் திட்டம் பாதி ஊரைத்தான் காணும்.

நான்காவது, வீடு யாருடையது என்பது. இக்கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் குடி முறை தாய் வழியாகவே வருகிறது. திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் சேரும். அக்கரைப்பற்றில் 1960களின் இறுதியில் வந்து தங்கி, பின்னும் பலமுறை திரும்பி வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே போன்றோர் இதை விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் சுனாமிக்குப் பின் படிவத்தோடு வந்தவர்கள் 'குடும்பத் தலைவர்' என்ற கோட்டில் கணவனின் பெயரை எழுதினர். மனைவியின் சீதன வளவில் இருந்த வீடு அழிந்து, புதிய வீட்டின் உறுதி கணவன் பெயரில் வந்த சம்பவங்கள் பல. தாய் தன் மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீடு அவள் கையை விட்டுப் போயிற்று. யாருக்கும் தீங்கு செய்ய நினைத்து இது நடக்கவில்லை. ஊரில் இருந்து படிக்காமல் எழுதியதால் நடந்தது.

கல்லோயா காட்டும் வழி

இம்மாதிரிப் படித்து, பிறகு பணி செய்தவர்களுக்குச் சிறந்த உதாரணம் நம் மாவட்டத்திலேயே உண்டு.

பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து நீர் பாய்ச்சும் திட்டம் 1949இல் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் செல்ல, அதன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து கிடந்தன. தலைப்பில் உள்ளவர் வேண்டிய மட்டும் நீர் எடுக்க, கடைசிக் கண்டத்தவர் வானத்தைப் பார்த்திருந்தனர். தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைசியில் தமிழ்க் கமக்காரரும் இருந்தனர். ஒத்துழைப்பே இல்லாத திட்டம் என்று அதிகாரிகள் அதைக் குறிப்பிட்டனர்.

1981 மார்ச்சில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முப்பதுக்கும் சற்று மேற்பட்ட இளம் பட்டதாரிகளை அவ்விடத்துக்கு அனுப்பின. ஆண்களும் பெண்களும் இருந்தனர். பலர் கமக்காரக் குடும்பப் பிள்ளைகள். அவர்கள் முழுத் தொண்டர் அல்லர். சிறு கொடுப்பனவு பெற்ற தற்காலிக ஊழியர். ஆனால் கிராமத்துக்குள்ளேயே குடியிருந்து பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

அவர்கள் செய்தது யாது?

முதலில் கூட்டம் கூட்டவில்லை. சங்கம் அமைக்கவில்லை. வீடு வீடாகப் போனார்கள், வயல் வரம்பில் நடந்தார்கள். "உங்கள் தண்ணீர்ப் பிரச்சினை என்ன? அதில் நீங்களே செய்யக்கூடியது எது?" என்று கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்து முதல் இருபது குடும்பங்களை ஒன்றாகப் பேசவைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்த சிறு குழு அது.

இரண்டாவதாக, பேச்சைச் செயலாக்கினார்கள். அந்த ஆண்டு சிறுபோகத்தில் குளம் கால்வாசி அளவே நிரம்பியிருந்தது. பல ஆண்டுகளாகத் தூர் வாராத வாய்க்கால்களைக் கமக்காரரே இறங்கி வெட்டினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். தமக்கு மிஞ்சியதைக் கீழ்க் கண்டத்துக்கு விட்டனர். சில வாரங்களிலேயே பெரும்பாலான வயல் வாய்க்கால்களில் இவற்றுள் ஒன்றாவது நடந்தது.

மூன்றாவதாக, வேலை நடந்த பிறகே அமைப்பு வந்தது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்தனர். வாக்கெடுப்பால் அல்ல, எல்லாரும் பேசி ஒத்துக்கொண்ட பின்னரே. சம்பளம் இல்லாத பொறுப்பு அது. வேலை நடந்த நாள்களில் யார் உண்மையாய் நின்றார் என்பதை ஊர் முன்பே கண்டிருந்ததால், பேச்சு வல்லவர் அல்லாமல் செயல் வல்லவர் தெரிவாவதற்கு வழி உண்டாயிற்று.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சில ஆண்டுகளில் அந்தப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் விலகினர். அவர்களுடையது நிரந்தர வேலை அன்று. நிரந்தர ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் போனார்கள். அவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் வாய்க்கால் குழுக்கள் கலையவில்லை. 1988 அளவில், பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் கமக்காரர் பங்கேற்க வேண்டும் என்பது அரசின் கொள்கையாயிற்று.

1997இல் கடும் வரட்சி. குளத்தில் உள்ள நீர் நெல்லுக்குப் போதாது என்று அதிகாரிகள் கணித்தனர். கமக்காரர் அமைப்புகள் அந்நீரைத் தலைப்புக்கும் கடைசிக்கும், சிங்களவருக்கும் தமிழருக்கும் பகிர்ந்து, வழமையிலும் சிறந்த விளைச்சல் கண்டன. நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தொண்டர்கள் போய்ப் பல ஆண்டுகள் கழித்து அவர்களின் வேலை விளைந்தது. ஒரு தொண்டரின் பணியை அளக்க இதைவிடச் சரியான மரைக்கால் இல்லை.

இடம்பெயர்ந்த நமக்கு இதில் என்ன?

கல்லோயாக் கமக்காரருக்குக் காணி இருந்தது, வீடு இருந்தது. இடம்பெயர்ந்தவரின் நிலை வேறு. மூன்று சிக்கல்களைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பட்டியல் பழக்கம். நீண்ட காலம் நிவாரணத்தில் இருந்த குடும்பம், புதிதாக வருபவரைக் கண்டதும் 'இவர் எதைத் தருவார்?' என்றே கேட்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பசி அப்படிக் கேட்க வைத்தது. ஆனால் குடியிருக்க வரும் தொண்டரிடம் பொதுவாகப் பணம் இராது. 'என்ன தருவார்?' என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 'நம்மோடு எதைச் செய்வார்?' என்று கேட்டால் பயன் உண்டு. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதத் துணை நிற்பார். தொலைந்துபோன அனுமதிப்பத்திரத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று விசாரிப்பார். பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லுவார். முக்கியமாக, ஒருவரோடு ஒருவர் பேசாதிருக்கும் நம்மை ஒரு பாயில் இருத்துவார்.

இரண்டு, இடம்பெயர்ந்தவருக்கும் இடம் கொடுத்தவருக்கும் உள்ள மனக்கசப்பு. முகாமுக்குக் கிணறு வெட்டி, பக்கத்துத் தெருவை மறந்துவிட்டால், நம்மை ஏற்ற ஊர் நமக்குப் பகையாகும். அங்கும் ஏழைகள் உண்டு. தொண்டரை இரு சாராருக்கும் அறிமுகப்படுத்த வேண்டும்.

மூன்று, தமிழ், முஸ்லிம் உறவு. 1990க்கு முன் இக்கரையோரத்தில் ஒருவர் வயல் மற்றவர் வயலோடு வரம்பு சேர்ந்திருந்தது. ஒரே வாய்க்கால், ஒரே வட்டவிதானை. வன்செயலுக்குப்பின் இரு சாராரும் சில வயல்களுக்குப் போக முடியாதிருந்தனர். வெளியிலிருந்து வரும் தொண்டர் முதலில் எந்தத் தெருவில் அறை எடுக்கிறாரோ அந்தச் சமூகத்தின் ஆள் என்று மற்றவர் எண்ணிவிடுவர். ஆகையால் அவர் கோயில் பரிபாலன சபையையும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையையும் முதல் வாரத்திலேயே காண்பது நன்று. நாமே அவரை அழைத்துக்கொண்டு போகலாம். இரு சாராருக்கும் பொதுவான வேலை ஏதென்றால், முதலில் நினைவுக்கு வருவது வாய்க்கால்தான். தண்ணீர் வரம்பைப் பார்த்துப் பாய்கிறதே அன்றி, ஆளைப் பார்த்துப் பாய்வதில்லை.

ஊர் செய்ய வேண்டியவை

தொண்டர் வரப்போகிறார் என்ற செய்தி கிடைத்ததும் ஊர் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. அனுப்பும் நிறுவனத்திடம் கேளுங்கள்: இவர் யார்? எத்தனை மாதம் இருப்பார்? இவருக்குக் கொடுப்பனவு தருவது யார்? யாருக்குப் பொறுப்புச் சொல்வார்? குறை இருந்தால் நாம் யாரிடம் முறையிடுவது? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நம் வீட்டுக்குள் வருபவரைப் பற்றி அறிவது நம் உரிமை.

2. தங்குமிடத்தை ஊரே தெரிவு செய்யுங்கள். பணக்காரர் வீட்டு மாடியும் வேண்டாம், ஊருக்கு வெளியே தனி வீடும் வேண்டாம். நடுத்தரமான, எல்லாரும் வந்து போகக்கூடிய வீடு நல்லது. பெண் தொண்டரானால் பெண்கள் உள்ள குடும்பமே பொருத்தம். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் முதலிலேயே பேசி முடியுங்கள். விருந்தாளி என்று சொல்லி ஏழைக் குடும்பத்தின்மேல் சுமை ஏற்ற வேண்டாம்.

3. மொழியும் ஊர் வழக்கமும் சொல்லிக்கொடுக்க இருவரை நியமியுங்கள். வயதானவர் ஒருவர், இளைஞர் ஒருவர். தொண்டர் பிழையாக நடந்தால் முகத்துக்கு நேரே, தனியாக, அன்போடு சொல்லுங்கள். பின்னால் பேசி நகைப்பதால் அவர் எதையும் கற்கமாட்டார்.

4. முதல் மூன்று மாதம் பெரிய வாக்குறுதி எதையும் அவரிடம் கேட்காதீர்கள். அவரும் தராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எந்த வேலையையும் அவர் தனியே செய்ய விடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஊரிலிருந்து ஒருவர் கூட நிற்க வேண்டும். கணக்குப் புத்தகம், கடிதக் கோவை, சாவி ஆகியவை ஊரவரின் கையிலேயே இருக்க வேண்டும்.

6. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமர்ந்து பேசுங்கள். பெண்களும் காணியற்ற கூலித் தொழிலாளரும் அந்தப் பேச்சில் இருக்கட்டும். போடியார் மட்டும் பேசும் கூட்டத்தில் ஊரின் குரல் கேட்காது.

7. ஒரு தொண்டர் பிள்ளைகளிடமோ பெண்களிடமோ தகாத முறையில் நடந்தால் மறைக்காதீர்கள். நிறுவனத்துக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். உதவி நின்றுவிடும் என்ற பயத்தால் வாய் மூடுவது பெரும் பிழை.

போகும் நாள்

தொண்டர் ஒருநாள் போவார். ஒப்பந்தம் முடியும், வீட்டில் தாய் நோயுறுவார், திருமணம் வரும், வேறு வேலை கிடைக்கும். யுத்த காலத்தில் பலர் ஒரே நாளில் வெளியேற நேர்ந்தது. ஆகையால் அவர் வந்த நாளிலிருந்தே போகும் நாளுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். கடைசி மூன்று மாதம் அவர் எதையும் தொடங்காமல், உள்ளதை ஒப்படைப்பது நன்று. கமநல சேவை நிலையத்துக்குப் போய்ப் பேச ஊரில் இப்போது யார் இருக்கிறார்? பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுத யாருக்குத் தெரியும்? வாய்க்கால் முறை தவறினால் யார் தீர்த்து வைப்பார்? இம்மூன்றுக்கும் ஊரவர் பெயர் ஒன்றைச் சொல்ல முடிந்தால் அவர் வந்தது வீணல்ல. தொண்டரின் பெயரையே சொல்ல வேண்டியிருந்தால், வேலை இன்னும் முடியவில்லை.

இன்னுமொரு செய்தி. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று படித்திருக்கிறார்கள். கல்லோயாவுக்குப் போனவர்களைப் போல அவர்களும் வேறொரு கிராமத்துக்குத் தொண்டராய்ப் போக முடியும். முகாமில் வரிசையில் நின்ற பிள்ளைக்கு, வரிசையில் நிற்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அப்படி ஒரு மகனோ மகளோ போக விரும்பினால் தடுக்காதீர்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. நம் முகாமுக்கோ ஊருக்கோ வந்த தொண்டர்களில் யாரை இன்றும் நினைக்கிறோம்? ஏன்?

2. அவர்கள் தொடங்கியவற்றுள் இன்றும் நடப்பது எது? நின்றுபோனது எது? எதனால் நின்றது?

3. நம் வாய்க்காலில் நீர் பெறும் குடும்பங்கள் எத்தனை? அவர்கள் அனைவரும், தமிழரும் முஸ்லிம்களும், கடைசியாக ஒன்றாக இருந்து பேசியது எப்போது?

4. வெளியிலிருந்து எவரும் வராவிட்டாலும் வரும் பெரும்போகத்துக்கு முன் நாமே செய்யக்கூடிய ஒரு வேலை எது? அதை யார் தொடங்குவார்?